ஒரு சாண் மேட்டுப்பாளையம்

ஓட்டலை மூடும்போது
வரவேற்பறைத் தொட்டியை
ஆயிரத்தைநூறுக்குத் தந்துவிட்டார்கள்.
முன்கண்ணாடி மட்டும் வயிறு தள்ளியிருந்தது,
ஏழாம் மாதம் போல.
மூடி இல்லை.
"அது எங்கியோ போயிருச்சு சார்" என்றான் காவலாளி,
வீட்டை விட்டு ஓடிய ஆளைச் சொல்வதுபோல.

முதல் வாரமே ஒரு கௌராமி குதித்தது.
காலையில் என் வலது செருப்புக்குள்
விறைத்துக் கிடந்தது.
அன்று வெறுங்காலோடு பால் வாங்கப் போனேன்.

குன்னூர்க் கடைகளில்
நேர்முகத் தொட்டிகளுக்குத்தான் மூடி உண்டு,
இரண்டடி, மூன்றடி, கறுப்பு பிளாஸ்டிக்.
வளைந்த முகத்துக்குக் கோயமுத்தூர் போகச் சொன்னார்கள்.

நான் பல் செட் செய்கிறவன்.
பெட்போர்டில், ஒரு கிளினிக்கின் பின்னறையில்.
வளைவு எனக்குப் புதிதில்லை.
அரை மில்லிமீட்டர் பிசகினால்
ஆள் மறுநாளே
கைக்குட்டையில் பல்லைச் சுற்றிக்கொண்டு வந்து நிற்பார்.
ஆகவே தாடைக்கு எடுப்பதுபோலவே எடுத்தேன்:
மெழுகுத் தகட்டை வெந்நீரில் இளக்கி
கண்ணாடியின் நெற்றியில் அழுத்தினேன்.
அந்தப் பக்கம் மீன்கள்
சொல்லாமலே வாயைத் திறந்து காட்டின.

மரம், சில்வர் ஓக்.
முப்பது வருஷம் தேயிலைக்கு நிழல் போட்டுவிட்டு
போன மழையில் சாய்ந்தது.
பலகை வளைய வேண்டுமென்றால்
அதன் முதுகில் வரிவரியாக ரம்பம் ஓட்ட வேண்டும்,
மறுபக்கம் எட்டிப் பார்க்காத ஆழத்துக்கு.
முதல் பலகை பதினேழாவது கீறலில் முறிந்தது.
இரண்டாவது வளைந்தது, ஆனால் பட்டை பட்டையாக,
பர்லியாறு ரோட்டை
ஸ்கேல் வைத்து வரைந்த பிள்ளையின் படம் மாதிரி.
மூன்றாவதில் கீறல்களை நெருக்கி,
வெந்நீர் ஊற்றி ஊற்றி,
காலி கேஸ் சிலிண்டரோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினேன்.
அவிழ்த்தால் மரம் கொஞ்சம் நிமிரும்.
அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று
மரத்துக்கே தெரியாது.
சிலிண்டருக்கு ஆள் வந்தது.
"அடுத்த வாரம் வாங்க" என்றேன்.
எட்டிப் பார்த்துவிட்டு
எதுவும் கேட்காமல் இறங்கிப் போனார்.

புவிராணி கேட்டாள்:
"மூடிதானே? தட்டையா வச்சா ஆகாதா?
எதுக்கு இத்தன உயரம்?"
சாத்தூர்க்காரி.
கல்யாணமாகி நாலு வருஷம்,
இன்னமும் ஸ்வெட்டரோடுதான் தூங்குகிறாள்.
சொன்னேன்:
இந்த மீன் மேலே வந்து காற்றைக் குடிக்கும் சாதி.
ஹீட்டர் போட்ட தண்ணீர் இருபத்தாறு டிகிரி.
மேலே நம் காற்று, பதினொன்று.
ஒவ்வொரு மூச்சுக்கும் அது
மலையேறி இறங்குகிறது.
தண்ணீருக்கும் மரத்துக்கும் நடுவே
ஈரமாய், புழுக்கமாய்
ஒரு சாண் மேட்டுப்பாளையம் வேண்டும்.

கொஞ்ச நேரம் மீனைப் பார்த்தாள்.
"எனக்கு எத்தன சாண் வேணும்னு
அளந்து பாத்தீங்களா?"
கீல் பொருத்த வேண்டியிருந்தது.
பொருத்தினேன்.

உட்புறக் கீறல்களை
ஈறு நிற அக்ரிலிக்கால் அடைத்தேன்.
கைவசம் இருந்தது அதுதான்.
மூடியைத் திறந்தால்
யாரோ பல்லைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரிப்பதுபோல் இருக்கிறது.
விருந்தாளிகள் முன் திறப்பதில்லை.
இடது ஓரம் ஒரு நூல் இடைவெளி.
ஜூலை ஈரத்தில் மரம் உப்பி
அதுவாக அடைத்துக்கொள்ளும்
என்று வைத்திருக்கிறேன்.

இன்று விடியற்காலை
நான் தூங்குவதாக நினைத்து
அவள் மூடியைத் தூக்கினாள்.
ஆவி எழுந்து அவள் மூக்குத்தி மங்கியது.
இரண்டு கைகளையும் உள்ளே நீட்டி,
தண்ணீரைத் தொடாமல்,
அந்தச் சாண் காற்றில் மட்டும் வைத்திருந்தாள்.
தீனி என்று நம்பி
மீன்கள் உள்ளங்கைக்குக் கீழே கூடின.

சூடு போயிடும், மூடு
என்று நாக்கு நுனிவரை வந்தது.
திரும்பிப் படுத்தேன்.
எங்கள் கட்டிலுக்கு மேலே
ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில்
சுண்டுவிரல் நுழையும் சந்து.
நாலு வருஷமாக அங்கேதான் இருந்திருக்கிறது.

மெழுகுத் தகடு இன்னும்
ஐந்து மிச்சம்.